டியூப்லைட்டிலிருந்து எல்இடிக்கு: ஓர் அலுவலகக் கட்டடத்தின் விளக்கு மாற்றம் பற்றிய மதிப்புரை

நான்கு தளங்களும் தரைக்குக் கீழே ஒரு வாகன நிறுத்தமும் கொண்ட அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். அங்கிருந்த பழைய டியூப்லைட்டுகளை எல்இடிக்கு மாற்றிய பணியைத் தொடக்கத்திலிருந்து அருகில் இருந்து பார்த்தேன். அதில் பயன்படுத்திய விளக்கு வகைகளையும், கூடவே பொருத்திய சென்சார்களையும், வேலையைச் செய்து தந்த ஒப்பந்ததாரரின் சேவையையும் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றியது சரிதான், மின்கட்டணம் தெளிவாகக் குறைந்திருக்கிறது, பெரும்பாலான அறைகளில் வெளிச்சமும் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் செலவழித்த பணம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் திரும்பி வரவில்லை. விளக்கின் வாட் அளவைவிட, அது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதே சேமிப்பைத் தீர்மானிக்கிறது.

இதை ஒரு கணக்கோடு சொன்னால் விளங்கும். நான்கடி டியூபின் மேல் 36 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், டியூபுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பழைய இரும்புச் சோக் எடுத்துக்கொள்ளும் எட்டு ஒன்பது வாட்டையும் சேர்த்தால் அந்தப் பட்டி, அதாவது டியூபும் சோக்கும் பொருத்திய சட்டம், ஏறத்தாழ 45 வாட் இழுக்கிறது. அதன் இடத்தில் 18 வாட் எல்இடி டியூபைப் போட்டால் 27 வாட் மிச்சம். அலுவலக அறையில் நாளுக்கு 10 மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் எரியும் விளக்கில் இது 81 யூனிட். இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும் படிக்கட்டு விளக்கில் அதே மாற்றம் ஆண்டுக்கு 236 யூனிட் மிச்சப்படுத்துகிறது. நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் எரியும் சரக்கறை விளக்கிலோ ஒன்றரை யூனிட்கூடத் தேறாது. வாங்கும் டியூப் ஒன்றுதான், மாட்டும் கூலியும் ஒன்றுதான். பலனில்தான் இவ்வளவு வேறுபாடு.

முதலில் வந்து பார்த்த நிறுவனம் ஒன்று, பட்டிகளை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாமே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிவதாக வைத்துக்கொண்டு சேமிப்புக் கணக்கைத் தந்தது. பார்ப்பதற்கு அந்தக் கணக்கு கவர்ச்சியாக இருந்தாலும், எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பின்னர் வேலையை எடுத்துக்கொண்ட ஒப்பந்ததாரர் விளக்குகளுக்குத் தனியாகச் செல்லும் மின்சுற்றுகளில் பதிவுக் கருவிகளை ஒரு வாரம் மாட்டிவைத்து, எந்தத் தளத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செல்கிறது என்று அளந்து கொடுத்தார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் இரண்டாம் தளத்தில் பாதி விளக்குகள் விடியும்வரை எரிந்துகொண்டிருந்தது அந்தப் பதிவில்தான் தெரிந்தது. ஒரு டியூபைக்கூட மாற்றுவதற்கு முன்பே கிடைத்த சேமிப்பு அது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றிய பகுதி இந்த அளவீடுதான். இதைச் செய்யாமல் விலைப்பட்டியல் தருபவரிடம் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி பொருள்களுக்கு வருகிறேன். 36 வாட் ஃப்ளோரசன்ட் டியூப் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 3,300 லுமென் வெளிச்சம் தரும். 18 வாட் எல்இடி டியூப் பெரும்பாலும் 2,000 லுமென் சுமாருக்குத்தான் தரும். காகிதத்தில் பார்த்தால் வெளிச்சம் குறைய வேண்டும். பழைய டியூப் எல்லாப் பக்கமும் ஒளியை வீசுவதால், மேலே போகும் ஒளியில் ஒரு பகுதி பட்டியின் பெட்டிக்குள்ளேயே வீணாகிறது. எல்இடி டியூபோ தன் ஒளியின் பெரும்பகுதியைக் கீழ்நோக்கியே அனுப்புகிறது. ஆகவே மூடிய பெட்டிக்குள் இருந்த விளக்குகளில் மேசை மேல் விழும் வெளிச்சம் குறையவில்லை. ஆனால் திறந்த பட்டியில், வெள்ளைக் கூரையையும் சுவரையும் நம்பியிருந்த அறைகளில் நிலைமை வேறு. அங்கே மேசைக்கு வேண்டிய வெளிச்சம் இருந்தபோதிலும் கூரையும் சுவரின் மேற்பகுதியும் இருண்டு, அறையே சிறுத்துப்போனதுபோல் தோன்றியது. அப்படிப்பட்ட இரண்டு அறைகளுக்கு மட்டும், ஒளியை அகலமாகப் பரப்பும் பால்நிறக் கண்ணாடி டியூபைப் பிறகு மாற்றிப் போட்டார்கள். விற்பவர் லுமென் கணக்கை மட்டும் சொன்னால் போதாது. உங்கள் பட்டி மூடியதா திறந்ததா என்று அவர் கேட்க வேண்டும்.

பழைய பட்டியை வைத்துக்கொண்டு டியூபை மட்டும் மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பட்டியையே தூக்கிவிட்டுப் புதிய விளக்கைப் பொருத்துவது மூன்றாவது வழி. மூன்றையும் இந்தக் கட்டடத்தில் பார்த்துவிட்டேன்.

முதல் வழியில் பழைய சோக் அப்படியே இருக்கும். இரும்புச் சோக் என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, டியூபோடு வரும் எல்இடி ஸ்டார்ட்டரை மாட்ட வேண்டும். வயரைத் தொடத் தேவையில்லை. ஏணியில் ஏறி இறங்குகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். எல்இடி டியூப் குறைவான மின்னோட்டத்தையே எடுப்பதால் சோக்கில் வீணாவதும் ஓரிரு வாட்டாகக் குறைந்துவிடுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. சோக் இன்னும் அந்தச் சுற்றிலேயே இருப்பதால், பல ஆண்டு உழைத்த அந்தப் பழைய சோக்கின் ஆயுள்தான் புதிய விளக்கின் ஆயுளும் ஆகிறது. முதல் தளத்தில் ஒரு பட்டியைத் திறந்தபோது சோக்கின் ஓரத்தில் பூச்சு உருகி வழிந்து, கறுத்துக் காய்ந்துபோயிருந்தது. அதிலிருந்து கிளம்பிய வயரின் உறை, விரலால் வளைத்ததும் பொரிந்து உதிர்ந்தது. அதன் மேல் புத்தம்புதிய டியூபை மாட்டுவதில் எந்தப் பொருளும் இல்லை. எலக்ட்ரானிக் சோக் உள்ள பட்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: எந்த டியூப் எந்தச் சோக்கோடு ஒத்துப்போகும் என்பதை உற்பத்தியாளரின் பட்டியலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் மினுக்கும் அல்லது எரியவே எரியாது. சோக் புதிதாக இருக்கிறது, அல்லது கட்டடத்தைச் சில ஆண்டுகளில் காலி செய்யப்போகிறோம் என்றால் மட்டுமே இந்த வழியை ஏற்பேன்.

இரண்டாவது வழியில் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கிவிட்டு மின்சாரத்தை நேரடியாக ஹோல்டருக்குக் கொடுக்கிறார்கள். அலுவலகத் தளங்களில் பெரும்பாலும் இப்படித்தான் செய்தோம், அதில் நிறைவே. சோக் இல்லாததால் பட்டி சூடாவதில்லை. பழைய சோக்கின் மெல்லிய இரைச்சலும் நின்றுவிட்டது. ஆனால் இது எலக்ட்ரீஷியனின் கையால் மட்டுமே நடக்க வேண்டிய வேலை. டியூபின் ஒரு முனையில் ஃபேஸும் (மின்சாரம் வரும் வயர்) மறு முனையில் நியூட்ரலும் வரும் வகையில், ஒரு முனையை மாட்டி மறு முனையைக் கையில் பிடித்திருக்கும்போது மின்சாரம் பாயக்கூடும். அதைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு உள்ள டியூபையே வாங்க வேண்டும், மெயினை அணைத்த பிறகே மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே முனையில் வரும் வகையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் வயரை மாற்றியது தெரியாமல் பின்னாளில் யாராவது அதில் பழைய ஃப்ளோரசன்ட் டியூபைச் சொருகினால், டியூபின் முனையில் உள்ள இழை மெயினுக்கு நேர் குறுக்கே வந்து, பெரிய சத்தத்துடன் ஃபியூஸ் போய்விடும். எங்கள் ஒப்பந்ததாரர் ஒவ்வொரு பட்டியின் உள்ளேயும் ‘நேரடி இணைப்பு, எல்இடி மட்டும்’ என்று ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போனார். சிறிய வேலைதான், அதைச் செய்பவரை நம்பலாம். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் விகிதத்தை, சரிக்கட்டப் பழைய பட்டிக்குள் வைத்திருக்கும் கெப்பாசிட்டரையும் இந்த நேரத்திலேயே கழற்றிவிட வேண்டும். சோக் போன பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. விட்டுவைத்தால் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த இரண்டடிச் சதுரப் பெட்டிகளை மட்டும் முழுதாக எடுத்துவிட்டு எல்இடி பேனல் வைத்தோம். நான்கு 18 வாட் டியூப்களும் இரண்டு சோக்குகளும் சேர்ந்து ஒரு பெட்டி 90 வாட் அளவில் இழுத்துக்கொண்டிருந்தது; பேனல் 36 வாட்டில் அதே மேசைக்கு 500 லக்ஸ் (மேசை மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) தருகிறது. அலுவலக மேசைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் அளவும் அதுதான். செலவு கூடுதல்தான். ஆனாலும் மெயின் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவியான டிரைவர், பேனலில் தனிப் பெட்டியாகக் கூரைக்கு மேலே தொங்குவதால், பழுதானால் டிரைவரை மட்டும் மாற்றினால் போதும். வாங்கியவற்றிலேயே எனக்கு முழு மனநிறைவு தந்த பொருள் இதுதான்.

டிரைவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விளக்குக்கும் மோசமான விளக்குக்கும் உள்ள வேறுபாடு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. பெட்டியின் மேல் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒளியைத் தரும் எல்இடி சில்லை (சிப்) மட்டும் பற்றியது, அதுவும் வெளிச்சம் தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் காலம். சில்லை ஆண்டுக்கணக்கில் எரியவிட்டுப் பார்த்துவிட்டு அந்த எண்ணைப் போடுவதில்லை. எல்எம்-80 என்ற சோதனை முறைப்படி குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து, டிஎம்-21 என்ற முறைப்படி மீதியைக் கணிக்கிறார்கள். அந்த முறை சோதித்த நேரத்தைப்போல் ஆறு மடங்கு வரைதான் கணிக்க இடம் தருகிறது, அதாவது 6,000 மணி நேரச் சோதனைக்கு 36,000 மணி. அதற்கு மேல் சொல்பவர் நீண்ட சோதனையின் அறிக்கையைக் காட்ட வேண்டும். இவை எவற்றிலும் டிரைவர் கணக்கில் வருவதில்லை. டிரைவருக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகிவிடும். மூடிய பெட்டிக்குள், சூடான கூரைக்கு அருகில், மெலிந்த டியூபின் முனைக்குள் திணிக்கப்பட்ட டிரைவர் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அந்த வெப்பம்தான் முடிவு செய்கிறது. ஆகவே உத்தரவாதக் கடிதத்தில் டிரைவர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, எந்த வெப்பநிலை வரை என்று எழுதியிருக்கிறதா, மாற்றிக் கட்டும் கூலி யாருடையது என்பதைப் படித்துவிட்டே கையொப்பமிட வேண்டும்.

மினுக்கலும் டிரைவரின் தரத்தைப் பொறுத்ததே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான டிரைவர் நொடிக்கு 100 முறை வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும் உடல் அதை உணர்கிறது. இரும்புச் சோக்கின் மினுக்கலை நீக்கி உயர் அதிர்வெண்ணில் இயங்கும் எலக்ட்ரானிக் சோக்குகளைப் பொருத்தியபோது தலைவலியும் கண்வலியும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக, அலுவலக ஊழியர்களிடையே நடத்தி 1989இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. அப்படிப் பாடுபட்டு விலக்கிய குறையை மலிவு எல்இடி மூலம் திரும்ப அழைத்து வரக் கூடாது. கைப்பேசிக் கேமராவின் ஸ்லோமோஷனில் விளக்கைப் படம்பிடித்துப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் துடித்தால், அல்லது கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால், அந்த மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாங்கள் கேட்டு வாங்கிய மாதிரி டியூப்களில் ஒன்று இப்படித்தான் கழிந்தது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும். அலுவலகத்துக்கு 4,000 கெல்வின் போதும்; பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 80க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 6,500 கெல்வின் டியூப் அதிக வெளிச்சமாகத் தோன்றுவதால் பலர் அதையே கேட்கிறார்கள்; நாள் முழுதும் அதன் கீழே உட்காருபவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சென்சார்கள் பற்றி எனக்குக் கலவையான கருத்துதான். படிக்கட்டிலும் வாகன நிறுத்தத்திலும் அவை மிகச் சிறப்பாக வேலை செய்கின்றன. அங்கே ஆள் இல்லாதபோது விளக்கு முழுதாக அணையாமல் ஐந்தில் ஒரு பங்குக்குத் தணிந்து, யாராவது உள்ளே வந்ததும் முழு வெளிச்சத்துக்கு வருகிறது. இருட்டுக்குள் காலடி வைக்கும் அச்சம் யாருக்கும் இல்லை. கணக்கும் மிகத் தெளிவு: இரவு பகலாக எரிந்த பழைய பட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு 394 யூனிட் ஆனது. எல்இடி மட்டும் போட்டால் 158 யூனிட். நாளுக்கு மூன்று மணி நேரம் முழு வெளிச்சமும் மீதி நேரம் 4 வாட்டும் என்றால் 50 யூனிட்டோடு முடிந்துவிடுகிறது. முழுக் கட்டடத்துக்கும் பணம் போதவில்லை என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு இடங்களிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன்.

கழிவறையில் வைத்த சென்சாரோ முதலில் தொல்லை தந்தது. நகரும் உடல்வெப்பத்தை உணரும் வகைச் சென்சாருக்குத் தடுப்புச் சுவருக்கு அப்பால் இருப்பவர் தெரிவதில்லை. உள்ளே ஆள் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். அங்கே ஒலி அலைகளின் எதிரொலியால் அசைவை உணரும் அல்ட்ராசோனிக் வகையை வைத்து, அணையும் நேரத்தை இருபது நிமிடமாக நீட்டிய பிறகு முறையீடு வரவில்லை. தாழ்வாரத்தில் வைத்த மைக்ரோவேவ் சென்சார் நேர்மாறாக நடந்துகொண்டது. அதன் அலைகள் ஜிப்சம் தடுப்பை ஊடுருவிச் செல்வதால், பக்கத்து அறையில் யாராவது நடந்தாலே தாழ்வாரத்து விளக்கு எரிந்தது. உணர்திறனைக் குறைத்து வைத்ததும் சரியானது. மேசை முன் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் அறையில் சென்சாரையே தவிர்க்கச் சொல்லிவிட்டேன். அங்கே சாளரத்தை ஒட்டிய வரிசைக்குத் தனி சுவிட்ச் போட்டதே போதுமானதாக இருக்கிறது: பகலில் அந்த வரிசையை அணைத்துவிட்டு உள்வரிசையை மட்டும் எரியவிடுகிறார்கள். முன்பு சுவிட்சுகள் சாளரத்துக்குச் செங்குத்தாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் இது முடியாமல் இருந்தது.

மாற்றம் முடிந்த புதிதில், மூன்றாம் தளத்தின் மெயின் சுவிட்சைப் போட்டதும், மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் எம்சிபி விழுந்துவிடும். மொத்த வாட் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்போது இது எப்படி என்று எல்லோருக்கும் குழப்பம். ஒவ்வொரு எல்இடி டிரைவரும் சுவிட்ச் போட்ட கணத்தில், தன் கெப்பாசிட்டர் நிறையும்வரை, வழக்கமான அளவைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம்தான் என்றாலும், நாற்பது ஐம்பது டிரைவர்கள் ஒன்றாகச் செய்யும்போது விரைவாக விழும் பி வகை எம்சிபி தாங்குவதில்லை. ஒப்பந்ததாரர் விளக்குகளை இரண்டு சுற்றாகப் பிரித்து, அந்தக் கண நேர ஏற்றத்தைத் தாங்கும் சி வகை எம்சிபி போட்டுச் சரிசெய்தார். கூடுதல் கூலி கேட்கவில்லை. ஆனால் ஒரு எம்சிபியில் எத்தனை டிரைவர் தாங்கும் என்பது உற்பத்தியாளரின் விவரத்தாளிலேயே இருப்பதால், இதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும் என்ற குறை எனக்கு உண்டு.

அவசரகால விளக்குகளையும் அவர் தனியாகச் சோதித்தார். ஃப்ளோரசன்ட் டியூபுக்காகச் செய்த பேட்டரிப் பெட்டி எல்இடி டியூபை எரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவற்றையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். மின்தடையின்போது மக்கள் வெளியேறுவதற்கான விளக்கு இது என்பதால், செலவைக் குறைக்க நினைக்கும் யாரும் இந்த வரியைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கூடாது.

குளிரூட்டப்பட்ட அறைகளில் இன்னொரு பலனும் சேர்கிறது. விளக்கு எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறையில் தங்குகிறது. அதை வெளியேற்ற ஏசி மூன்றில் ஒரு பங்கு அளவு மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், விளக்கில் மிச்சமான ஒவ்வொரு மூன்று யூனிட்டுக்கும் ஏசியில் ஒரு யூனிட் மிச்சம். அறையைச் சூடாக்க வேண்டிய குளிர்காலத்தில் இது எதிர்ப்பக்கம் போகும். விற்பனையாளர் முன்னதை மட்டுமே சொல்வார்.

கழற்றிய டியூப்கள் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் அவற்றை உடைக்காமல் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மறுசுழற்சிக்கு ஒப்படைத்த சீட்டைக் கொண்டுவந்து தந்தார். சேவைக்கு நான் தரும் நல்ல மதிப்பெண்ணில் இதற்கும் பங்கு உண்டு. குப்பையோடு போட்டு உடைத்துவிடும் இடங்கள் நிறைய.

சரக்கறைகளிலும் மின்தூக்கி இயந்திர அறையிலும் மட்டும் பழைய பட்டிகளை இன்னும் அப்படியே விட்டிருக்கிறோம். நாளுக்குச் சில நிமிடம் எரியும் விளக்கை மாற்றிய பணம் திரும்பி வர ஒரு தலைமுறைக் காலம் ஆகும். அவற்றுக்கென்று, கழற்றியவற்றில் நல்ல டியூப்கள் கொஞ்சத்தை எடுத்துவைத்திருக்கிறோம். பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையின் 2023ஆம் ஆண்டு மாநாடு, பொது ஒளியூட்டலுக்கான ஃப்ளோரசன்ட் டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென்று முடிவு செய்திருப்பதால், அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் அந்த அறைகளுக்கும் சோக்கை நீக்கி, நேரடி இணைப்பு டியூபையே போடச் சொல்லியிருக்கிறேன்.